சுழியிட்ட கோப்புறை

எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் பிள்ளையார் சுழி இடுவது என் வழக்கம். மளிகைக் கடைச் சீட்டானாலும் வங்கியில் நிரப்பும் படிவமானாலும், தாளின் தலையில் ஓர் ‘உ’ விழாமல் என் பேனா அடுத்த எழுத்துக்கு நகராது. கணினியில் நிரல் எழுதத் தொடங்கிய பின்னும் வழக்கம் மாறவில்லை. நிரலின் முதல் வரியில், கணினி படிக்காமல் தாண்டிச் செல்லும் குறிப்புரையாக, ஓர் ‘உ’ இருக்கும். அதனால் எவருக்கும் கெடுதல் நேர்ந்ததில்லை. அந்த எழுத்தைக் குறிப்புரையிலிருந்து எடுத்து ஒரு கோப்புறைக்குப் பெயராக வைத்தபோதுதான் நேர்ந்தது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். காலையில் வைத்தியநாத சுவாமி சந்நிதியில் நின்று பதிகம் பாடுவதும், பகலில் நிரல் எழுதுவதுமாக என் ஓய்வுக்காலம் போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் அந்தச் சீர் பிரிக்கும் நிரல். பழைய பக்திப் பாடல்களை இன்றைய புத்தகங்களில் பொருள் விளங்கும்படி சொல் பிரித்து அச்சிடுகிறார்கள். பொருள் விளங்குகிறது, ஓசை செத்துவிடுகிறது. ஓதுகிறவனுக்கு முதலில் வேண்டியது சொல் எங்கே முடிகிறது என்பதன்று, சீர் எங்கே முடிகிறது என்பது. பாடலைக் கொடுத்தால் அசை பிரித்து, சீர் பிரித்து, ஓதும் நடையில் அடுக்கித் தரும் நிரல் ஒன்றை ரஸ்ட் என்னும் தொகுப்பு மொழியில் எனக்காகவே எழுதி வைத்திருந்தேன்.

அதற்கு ஒரு பயன் உண்டு என்று கண்டுபிடித்தவள் என் மருமகள்.

அவள் ராஜபாளையத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூத்த பொறியாளர். என் மகனும் அவளும் தாமாகவே விரும்பி மணந்தவர்கள். “பெருந்தன்மையாகச் சம்மதித்தேன்” என்று அந்நாளில் நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை இப்போது எழுதும்போது விரல் கூசுகிறது. என் மனத்தில் அது ஒரு கொடையாக இருந்திருக்கிறது. கொடுத்தவன் நான், வாங்கியவள் அவள். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அவளுடைய தாயார் பக்கவாதத்தில் விழுந்து வலப்பக்கம் செயலற்றுப் போனவர். கணவர் இல்லை, வேறு பிள்ளைகளும் இல்லை. அதனால் மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி பெற்று ராஜபாளையத்துக்கு வந்து, தாயைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு ஆலையில் ஷிப்டு வேலை. இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, எல்லோரும் சென்னை அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும் என்று அவளுடைய நிறுவனம் சொல்லிவிட்டது. போகாவிட்டால் வேலை இல்லை. போனால் தாயைத் திருப்பிப் படுக்க வைக்கவும், வாயில் கஞ்சி ஊட்டவும் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு வழி தென்பட்டது. மின்னூல் வெளியிடும் ஒரு நிறுவனம் தன் படிப்புச் செயலியில் பழந்தமிழ்ப் பாடல்களை ஓதும் முறையில் காட்ட ஒரு கருவி தேடிக்கொண்டிருந்தது. அது கிடைத்தால் சென்னை வேலையை விட்டுவிடலாம், ராஜபாளையத்திலேயே இருந்துவிடலாம்.

“மாமா, உங்க சீர் பிரிக்கிறது இருக்குல்லா, அதை ஒரு லைப்ரரியாக் கட்டிக் குடுங்க. திரையில காட்டுத வேலையை நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். “இது கெடைச்சா நான் அம்மாவை விட்டுட்டுப் போக வேண்டாம்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்கும் தெளிவாகவே விளங்கியது.

அவள் லைப்ரரி என்று கேட்ட பகிர்வு நூலகத்தைத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். அது தானே ஓடும் நிரல் அன்று. கோயிலில் ஓதுவார் பூசை செய்வதில்லை, மணி அடிப்பதில்லை, தீபம் காட்டுவதில்லை. ஒரு பக்கமாக நிற்கிறார். பாடும் வேளை வந்து குருக்கள் திரும்பிப் பார்த்தால் பாடுகிறார், முடித்ததும் மௌனமாகிறார். நூலகமும் அப்படித்தான். வேறொரு நிரல் அழைக்கும்வரை வாய் திறக்காது. ஆனால் ஒரு தொல்லை உண்டு. தொகுப்பு மொழியில் எழுதியது இயந்திரத்தின் மொழிக்கே இறங்கிவிடுவதால், ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் அதைத் தனித்தனியே கட்டித் தரவேண்டும். எழுதுவது ஒருமுறைதான், ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று என்று வடிவங்கள் பல. நூலகத்தை அழைப்பது வேறு மொழியில் எழுதிய நிரல் என்பதால், இருவரும் கைகுலுக்கும் இடத்தில் சில உடன்படிக்கைகளும் வேண்டும். நூலகம் ஒதுக்கித் தந்த நினைவிடத்தை நூலகமேதான் திரும்ப வாங்கி விடுவிக்க வேண்டும். அழைத்தவன் தன் கையால் அழித்தால் எல்லாம் குலையும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. சில வாரங்கள் உண்மையிலேயே ஆனந்தமாகக் கழிந்தன.

கட்டி முடித்த நூலகங்களை வைக்கும் கோப்புறைக்கு ‘உ’ என்று பெயரிட்டேன். நல்ல காரியம், தலையில் அது இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆண்ட்ராய்டில் மட்டும் முடியவில்லை. அங்கே நூலகம் எந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும், அதன் பெயர் எப்படித் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே விதிக்கப்பட்டவை. மருமகள் சொன்னபோது நான் ஒரு மூச்சு விட்டுவிட்டு, “சரி, அது விதின்னா என்ன செய்ய” என்று ஒப்புக்கொண்டேன். லினக்ஸிலும் மேக்கிலும் ‘உ’ தடையின்றி ஓடியது. விண்டோஸுக்கான வடிவத்தை என் லினக்ஸ் கணினியிலிருந்தே கட்டினேன். விண்டோஸ் கணினி என் வீட்டில் இல்லை. பிழையின்றிக் கட்டப்பட்டது என்பதையே நன்றாக ஓடியதற்குச் சமமாக எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மின்னூல் நிறுவனத்தாருக்குக் காட்டவேண்டிய நாளுக்குச் சில நாள் முன்னால் அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

“மாமா, விண்டோஸ்ல லோடு ஆக மாட்டேங்குது.”

“எனக்கு இங்க ஒரு எர்ரரும் இல்லையேம்மா. உன் பக்கம் பாரு.”

“பாத்தேன் மாமா. அந்த போல்டர் பேரு ‘உ’ன்னேதான் இருக்கணுமா?”

“வேற எப்படி இருக்கணுங்க?”

நான் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தொனியில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். மருமகளை ‘ங்க’ போட்டுப் பேசினால் அது மரியாதையன்று, தள்ளி நிறுத்துவது என்பது எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

“இல்ல மாமா, சும்மா கேட்டேன். நான் பாத்துக்கிடுதேன்” என்று வைத்துவிட்டாள்.

அவள் பார்த்துக்கொள்வாள் என்று நானும் என் பாட்டுக்கு இருந்துவிட்டேன்.

காட்டும் நாளில் காலைப் பூசை முடிந்ததும் பேருந்து ஏறி ராஜபாளையம் போனேன். என்னையும் உடன் அமரச் சொல்லியிருந்தாள். யாப்பைப் பற்றிக் கேள்வி வந்தால் நான் விடை சொல்ல வேண்டும். சரிகைக்கரை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மடித்த நேரியல். கதவைத் திறந்தவள் சிரித்துவிட்டாள்.

“மாமா, பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா வந்திருக்கீக! கேமராவுல நெஞ்சுக்கு மேலதான் தெரியும். வேட்டிக் கரையை யாருக்குக் காட்டப் போறீக?”

“நான் எந்திரிச்சு நின்னு பேசிக்கிடுதேன்” என்றேன்.

உள்ளறையிலிருந்து அவளுடைய தாயாரின் குரல், மெல்ல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. “ஏட்டி, அண்ணாச்சிக்குக் காப்பி குடுத்தியா?”

“குடுக்கேம்மா. வந்து இன்னும் உக்காரவே இல்ல.”

“உக்காந்தாத்தான் குடுப்பியோ? நின்னா தொண்டையில எறங்காதோ?”

வீடு கலகலப்பாகத்தான் இருந்தது. அந்த அம்மாளுக்கு விவரம் தெரியும். அன்று காலையில் இதற்காக நீண்ட நேரம் ஜெபம் செய்தார் என்று மருமகள் சொன்னாள். நானும் சந்நிதியில் வேண்டிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். “ரெண்டு பக்கமும் சொல்லி வச்சாச்சு. இனி எனக்கென்ன கவலை” என்றாள்.

திரையில் நிறுவனத்தின் பொறுப்பாளர் தோன்றினார். நடுவயதுக்காரர், கனிவான பேச்சு. முதலில் கைப்பேசியில் காட்டினாள். ஒரு பதிகத்தின் பாடலைக் கொடுத்ததும் சீர்கள் அழகாகப் பிரிந்து, அடியடியாக அமர்ந்தன. அவர் தம்மையறியாமல் வாய்க்குள் ஓதிப் பார்த்து, “அடேங்கப்பா, நாக்கு தானா நடக்குதே” என்றார். என் மனம் குளிர்ந்துபோயிற்று. “இதை எழுதினவங்க என் மாமனார் சார்” என்று மருமகள் என்னைக் காட்டினாள். நான் சொன்னபடியே எழுந்து நின்று கும்பிட்டேன்.

“இனி விண்டோஸ்ல காட்டுங்க மேடம். எங்ககிட்ட வாங்குற ஸ்கூலு, பொது நூலகம் எல்லாம் அதுலதான் இருக்கு. எங்களுக்கு முக்கியமே அதுதான்” என்றார் அவர்.

என் மகனுடைய விண்டோஸ் மடிக்கணினியை அவள் முன்னால் இழுத்தாள். நிறுவனத்தின் படிப்புச் செயலியை அதில் நிறுவியிருந்தாள். அதன் அமைப்பில், நூலகம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற வழியை எழுதிக் காட்ட வேண்டும். அதைத் திறந்தபோது கோப்புறைகளின் வரிசை ஒருகணம் திரையில் தெரிந்தது. நான் தேடிய எழுத்து அங்கே இல்லை. அதன் இடத்தில் ஆங்கில எழுத்தில் ‘சீர்’ என்று ஒரு மொட்டைப் பெயர் இருந்தது.

“ஏம்மா, சுழி எங்க?”

அவள் ஒலிவாங்கியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். “மாமா, செத்த நேரம் இருங்க. பொறவு சொல்லுதேன்.”

“பொறவு என்ன பொறவு? யாரைக் கேட்டு எடுத்த?”

“மாமா, அவிய பாத்துக்கிட்டு இருக்காக.”

“பாக்கட்டும். உங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லன்னா என் வேலையிலயும் இருக்கக் கூடாதா?”

இதை நான் சொன்னேன். வேறொருவர் சொன்னதாகவோ, நான் சொல்ல நினைத்ததாகவோ எழுதுவதற்கு வழியில்லை. அவள் கை ஒலிவாங்கியை அடைவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டேன். உள்ளறையில் கட்டில் முனகியது. திரையிலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மருமகள் என்னைப் பார்த்தாள். சினமில்லை, அழுகையுமில்லை. நெடுநாளாக எதிர்பார்த்திருந்த ஒன்று, வந்தே விட்டபோது முகத்தில் தோன்றும் ஓர் அமைதி. பிறகு திரும்பி, கோப்புறையின் பெயரை அழித்து ‘உ’ என்று மாற்றினாள். அமைப்பிலும் மாற்றினாள்.

“அம்புட்டுதான். இப்ப ஓட்டு” என்றேன் நான். வெற்றி பெற்றவனின் குரலில் சொன்னேன் என்பதுதான் இன்றும் தூங்கவிடாத பகுதி.

அவள் ஓட்டினாள். குறிப்பிட்ட நூலகத்தைக் காணவில்லை என்று ஒரு சிறு பெட்டி எழுந்தது.

“சாரி சார். பாத் குடுத்ததுல என் பக்கம் ஒரு மிஸ்டேக்” என்றாள் அவரிடம்.

“நேத்து வரைக்கும் நல்லா இருந்ததை நோண்டி வச்சிட்ட” என்றேன் நான், இவளிடம்.

அவர் மணியைப் பார்த்தார். “பரவாயில்ல மேடம். எனக்கு இன்னொரு மீட்டிங் இருக்கு. நாங்க பேசிட்டுச் சொல்றோம்” என்று மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார். திரை அணைந்தது.

தாயாருக்கு மருந்து கொடுக்கும் வேளை என்று சொல்லி அவள் உள்ளே போனாள். அவள் கெடுத்ததை நான் சரிசெய்து கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு மடிக்கணினியின் முன் அமர்ந்தேன். அந்த நிமிடத்திலும் என் எண்ணம் அப்படித்தான் ஓடியது. கோப்புறையைத் திறந்தேன். நூலகம் அங்கேயே இருந்தது, நான் கட்டியனுப்பிய அதே கோப்பு. கண்ணெதிரே இருப்பதைக் காணவில்லை என்கிறதே என்று பெயரை மட்டும் அவள் வைத்திருந்தபடி மாற்றிப் பார்த்தேன். ஓடியது. பாடல் சீர்சீராக விழுந்தது. மறுபடி ‘உ’ இட்டேன். காணவில்லை. மறுபடி எடுத்தேன். ஓடியது. இயந்திரத்துக்கு மனம் மாறும் என்று காத்திருப்பவனைப் போல மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

காரணம் புரிவதற்கு எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. அத்துறையில் வாழ்நாளைக் கழித்தவன்தானே. விண்டோஸுக்குத் தமிழெழுத்தில் கோப்புறை வைப்பதில் தடையில்லை. ஆனால் அந்தப் படிப்புச் செயலி, நூலகத்தை ஏற்றுவதற்குப் பழைய முறையொன்றைக் கையாண்டது. அந்த முறை, வழியை ஒரு பழைய எழுத்து அட்டவணைக்கு மாற்றிவிட்டுத்தான் தேடும். அட்டவணையில் தமிழ் இல்லை. இல்லாத எழுத்துக்குப் பதிலாக அது ஒரு கேள்விக்குறியை இட்டுக்கொண்டு, கேள்விக்குறி என்னும் பெயருள்ள கோப்புறையைத் தேடி, இல்லையென்று திரும்பிவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் இந்தச் சிக்கல் இல்லை. நான் விண்டோஸில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவள் ஓட்டிப் பார்த்தாள், அறிந்தாள், என்னிடம் கேட்கவும் செய்தாள்.

பக்கத்தில் அணைந்து கிடந்த அவளுடைய கணினியின் திரையில் என் முகம் தெரிந்தது. நெற்றியில் மூன்று கோடும் கலையாமல் அப்படியே இருந்தன.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மடிக்கணினியைப் பார்த்ததும் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது விளங்கிவிட்டது. எதிரே அமர்ந்தாள்.

“அவிய ஆப்ல அந்த லோடரை மாத்தித் தரச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன் மாமா. இப்ப முடியாதுன்னுட்டாக. பொறவுதான் பேரை மாத்தினேன். டெமோ முடிஞ்சதும் உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்.”

“அன்னைக்கு போன்லயே அழுத்திச் சொல்லியிருக்கலாம்லம்மா?”

“சொன்னா நீங்க எடுத்திருப்பீக. அது எனக்குத் தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவள் சிரித்தாள், அதில் கசப்பில்லாததுதான் தாங்க முடியவில்லை. “ஆண்ட்ராய்டு கூடாதுன்னுச்சு, உடனே விட்டுட்டீக. அது மெஷினு. நான் கூடாதுன்னா, இன்னார் வீட்டுப் பொண்ணு பிள்ளையாரை எடுக்கச் சொல்லுதுன்னு ஆயிரும்லா? சொல்லுத ஆளு நானா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். கடைசில ஆயித்தான் போச்சு.”

நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தேன். மாமனார் என்ற நினைப்பு குறுக்கே நின்றது. “நான் அவர்கிட்டப் பேசுதேன்” என்று மட்டும் சொன்னேன். “வேண்டாம் மாமா” என்றாள். இருந்தும் மறுநாள் பேசினேன். கோளாறு முழுதும் என்னுடையது, பெயரை மாற்றினால் பழுதின்றி ஓடுகிறது, மருமகள் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “அது பாத் பிரச்சினைன்னு எங்க பசங்களும் சொன்னாங்க சார். சின்ன விஷயம். அதுக்காக நாங்க யோசிக்கல.” சற்றுத் தயங்கினார். “ஒரு வீட்டுக்குள்ள நடக்குற வேலையா இருக்கு. நாளைக்கு எங்க ரிலீஸ் நடுவுல உங்களுக்குள்ள ஒரு மனக்கசப்புன்னா நாங்க யார்கிட்டப் போய்ப் பேசறது? தப்பா எடுத்துக்காதீங்க. வேற டீமுக்குக் குடுத்துட்டோம்.”

தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நிரலின் கோளாறு என்றால் திருத்திக் காட்டியிருப்பேன். அவர் தயங்கியது என்னைக் கண்டு. வேலை போனது எழுத்து அட்டவணையால் அன்று. நான் பேசிய ஒரு வாக்கியத்தால்.

வீட்டில் என் மனைவி இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “பிள்ளையாரை இருக்க வச்சிட்டு மருமகளை அனுப்பிட்டீக. நல்ல நிர்வாகம்” என்றாள்.

சந்நிதியில் பாடுவதும் பழையபடி இல்லை. அடியார்கள் தம்மைக் கடையரென்றும், நாயினும் இழிந்தவரென்றும், நல்லார் அவையில் நிற்கவும் நாணுகின்றவரென்றும் பாடிவைத்த பாடல்கள் எத்தனையோ எனக்கு மனப்பாடம். அந்த இடங்கள் வரும்போது குரலை இழைத்துக் குழைத்து, கேட்பவர் கண் கலங்கும்படி பாடுவேன்; பாடுகிறேன் என்ற இன்பமும் எனக்கு இருந்தது. தாழ்மையை இவ்வளவு காலம் நான் ஓர் ஓசையாகவே அனுபவித்திருக்கிறேன் போலும். இப்போது அந்தச் சொற்கள் வரும்போது குரல் தானே தணிந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் நண்பர், “தொண்டை சரியில்லையோ, மிளகுப்பால் குடியும்” என்கிறார்.

மருமகள் சென்னைக்குப் போனாள். புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டைச் சுற்றிக் காட்டி, எந்த மருந்து எந்த வேளைக்கு, காற்றுமெத்தையில் காற்று குறைந்தால் என்ன செய்வது, பகலில் வரும் பணிப்பெண் தாமதித்தால் யாரை அழைப்பது என்றெல்லாம் மகனுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். மகனுக்குக் காலை ஷிப்டு உள்ள நாள்களில் பணிப்பெண் வரும்வரை நான் வந்து இருக்கிறேன் என்று நானே முன்வந்து சொன்னேன். அவள் மறுக்கவில்லை. வாசலுக்கு வந்ததும், உள்ளே கேட்காதபடி, “அம்மாவுக்கு அன்னைக்கு நடந்தது சரியாக் கேக்கல மாமா. என்னமோ சத்தம்னு கேட்டாக. மெஷின் சரியா வரல, வேலை கெடைக்கலன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வேற எதுவும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா வேதனைப்படுவாக” என்றாள்.

என்னைக் காப்பதற்காகச் சொன்னாளா, தாயைக் காப்பதற்காகவா என்று நான் கேட்கவில்லை. எதுவாயினும் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை என்பது உறுதியாயிற்று. அந்த அம்மாளிடம் சொல்லி அழுது என் பாரத்தை இறக்கிக்கொள்ளும் வழியும் அடைபட்டது. அது எனக்குத் தகும்.

இப்போது மகனுக்குக் காலை ஷிப்டு உள்ள நாள்களில் விடியும் முன்னரே பேருந்தைப் பிடித்து ராஜபாளையம் போய்விடுகிறேன். அவருக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுக்கிறேன். முதலில் என் கையால் வாங்கக் கூச்சப்பட்டார், அப்புறம் பழகிவிட்டார். அவர் ஜெபம் செய்யும்போது நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன். பெயர் சொல்லி ஒவ்வொருவருக்காகவும் வேண்டுகிறார். என் பெயரும் அதில் வருகிறது.

போன வாரம் மருமகள் சென்னையிலிருந்து கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினாள். தாயாரால் கைப்பேசியைப் பிடிக்க முடியாது என்பதால் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, நீ ஒண்ணும் கவலைப்படாத” என்றார் அந்த அம்மாள். “அண்ணாச்சி என்னைச் சொந்தத் தங்கச்சி மாதிரி பாக்காக. இந்த வயசுல பஸ் ஏறி வந்து கஞ்சி ஊட்டுத சம்பந்தி ஊர் உலகத்துல எங்கட்டி உண்டு? நீ செஞ்ச புண்ணியம். நீயே சொல்லு, உண்டா?”

கைப்பேசியை அவருக்கு நேராகப் பிடித்திருந்ததால் திரையின் ஓரத்தில் நானும் தெரிந்திருப்பேன். சற்றே விலகிக்கொள்ளலாம் என்றால், பிடித்த கை அசைந்து அவருக்கு முகம் தெரியாமல் போய்விடும். அப்படியே நின்றேன். மருமகள் தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இல்லம்மா. எங்கயும் கெடையாது” என்றாள்.